சும்மா படுத்திருந்த ப்ரூஸ் லீ

போடியில இருந்து ஏலமலைச் சரிவு ஏறி இறங்கி, மறுநாள் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களா? அப்போ ப்ரூஸ் லீ கதை உங்களுக்குத்தான்.

1970. வார்ம் அப் பண்ணாம, 125 பவுண்டு எடையைத் தோள்ல வச்சுக் குனிஞ்சு நிமிர்ந்தார். அதாவது சுமார் 57 கிலோ. முதுகுக்குக் கீழே நரம்பு அடிபட்டுச்சு. இனி உதைக்கவே முடியாதுன்னு டாக்டர்கள் கைவிரிச்சாங்க. அவருக்கு வயசு 29.

மாசக்கணக்கில ஓய்வு. வீட்டுச் செலவுக்கு மனைவி லிண்டா வேலைக்குப் போனார். காலேஜ்ல தத்துவம் படிச்சவர் லீ. தாவோ அவருக்குப் புதுசு இல்ல. அதுல 'வூ வெய்'னு ஒண்ணு உண்டு. நம்ம சித்தர்கள் பேசின சும்மா இருத்தல் மாதிரி. சோம்பல் இல்லீங்க, எதையும் வலிஞ்சு திணிக்காம இருக்கிறது. நம்ம அடையாறுல வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அப்பதான் ஆழமா வாசிச்சார். நோட்டு நோட்டா எழுதினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி.

எழுந்துட்டார். ஆனா வலி கடைசி வரை போகல. 'என்டர் தி டிராகன்'ல நீங்க பார்க்கிற உதையெல்லாம் அந்த முதுகோட உதைச்சதுதான். படம் வெளிவரும் முன்னாடியே, 1973 ஜூலை 20, 32 வயசுல இறந்தார். அந்த நோட்டுகள் 1975-ல 'தாவோ ஆஃப் ஜீத் குன் டோ'ன்னு புத்தகமா வந்துச்சு.