தோல் கொடுத்த துப்பு

சத்தியவேடு அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆந்திராவோடு சேர்ந்தது 1960இல்தான். அந்த நாளில், 1952இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். வயது முப்பதுகூட நிறையவில்லை. பூர்வீகம் நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரம். பெங்களூரில் சர் சி. வி. ராமனின் மாணவர்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு யாருக்கும் பிடிபடவில்லை. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் தசைநாரைக் கொடுத்து உதவியது. எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு, மூன்று சுருள் இழைகள் இணைந்த அமைப்பு அது என்று ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அறிவித்தனர்.

இடி கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் குறை கண்டனர். மூவிழை சரி, ஆனால் சில அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றனவே என்றனர்.

வேறொருவராயிருந்தால் பதில் கடிதத்தோடு நின்றிருப்பார். இவரோ, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயப் புகுந்தார். தெரிந்த படிகங்களிலெல்லாம் இடைவெளிகளை அளந்து குறைந்தபட்ச தூரத்தை வகுத்தார். அமினோ அமிலச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாக இரண்டு இடங்களில்தான் திரும்பும். அந்த இரு கோணங்களில் எவை மோதலின்றி அமையும் என்று சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணக்கிட்டார். கட்டங்களில் பெரும்பகுதி அடிபட்டுப் போயிற்று. மிஞ்சிய சிறு திட்டுகளில் சுருள் புரதங்கள் அச்சாகப் பொருந்தின.

1963இல் வெளியான அந்த வரைபடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். நோபல் பரிசு வரவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார். புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டவர்கள், அது சரிதானா என்று இன்றும் அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.