கதிரைக் கூட்டாமல் படத்தைத் தெளிய வைத்தவர்



போன மழைக்காலத்தில் பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஓர் அக்காவின் லயத்து வீட்டுத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். மூன்று மாதமாக இருமல் விடவில்லை. எக்ஸ்ரேயில் இடது பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்து கிடப்பதால் என்னவென்று பிடிபடவில்லை, ஈப்போவுக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அந்த மெஷினில் படுத்தால் கதிர் உடம்பைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கதிரைப் பற்றிய பயம் முழுப் பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். அன்றைக்கு அவரிடம் நான் சொன்னது ஒரு மனிதரின் கதை. அந்த மெஷினுக்குள்ளே ஒரு தமிழர் போட்ட கணக்கு இருக்கிறது என்றேன். அக்கா நம்பவில்லை. நீங்களும் நம்பாமல் இருக்கலாம், கேளுங்கள்.

ஜி.என். இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கிற ஜி என்ற எழுத்து கோபாலசமுத்திரம். அது திருநெல்வேலிச் சீமை ஊர். தகப்பனார் நாராயண ஐயர் எர்ணாகுளம் கல்லூரியில் கணக்கு வாத்தியார். பையனுக்கும் வீட்டிலேயே கணக்குத்தான் விளையாட்டு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து முடித்து, 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் போனார். சேர்ந்தது மின்சாரப் பொறியியலுக்கு. அங்கே சர் சி.வி. இராமன் கண்ணில் பட்டுவிட்டார். நோபல் பரிசு வாங்கிய இராமன், இந்தப் பிள்ளை பௌதிகத்துக்குத்தான் வேண்டும் என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்படி ஒரு வாத்தியார் கை வைத்து இழுத்தால் பிழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நம் தோட்டப் பள்ளிகளிலும் எத்தனையோ உண்டு. சரி, கதைக்கு வருவோம்.

இராமனிடம் இருந்த காலத்திலேயே வைரக் கற்களை எக்ஸ்ரேயில் படம் எடுத்து ஆராய்ந்தார். அதிலிருந்து எக்ஸ்ரே அவரை விடவில்லை. 1947-இல் கேம்பிரிட்ஜ் போய் இரண்டு வருஷம் அதே வேலை. திரும்பி வந்து, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். வயது 29! துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியாரிடம் இவர் பெயரைச் சொன்னவரும் இராமன்தான்.

சென்னையில் செய்த வேலைதான் அவருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. நம் தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கிற கொலாஜன் என்ற புரதம் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாரை வாங்கி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ்ரே பிடித்தார். மூன்று புரி சேர்த்து முறுக்கின கயிறு மாதிரி என்று 1954-இல் எழுதினார்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதில் குறை சொன்னார்கள், அணுக்களை அளவுக்கு மிஞ்சி நெருக்கி வைத்துவிட்டார் என்று. அவர் சண்டைக்குப் போகவில்லை. அணுவுக்கு அணு எவ்வளவு நெருங்கலாம் என்று பழைய அளவுகளை எல்லாம் தோண்டி எடுத்துக் கணக்குப் போட்டார். அதிலிருந்து 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட வரைபடம் இன்றைக்கும் அவர் பெயரால் வழங்குகிறது. புரதம் படிக்கிற மாணவன் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் நம் அக்காவுக்கு வேண்டிய கதை அதற்கு அப்புறம்தான்.

வெயில் நேரத்தில் ஒரு தேயிலைச் செடியின் நிழலைப் பாருங்கள். உள்ளே எத்தனை கிளை, எது பட்டுப்போனது என்று நிழலை வைத்துச் சொல்ல முடியுமா? எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கறுப்பாகக் கிடக்கும். எக்ஸ்ரே படமும் நிழல்தான். அக்காவின் நெஞ்சில் விலா எலும்பு மறைத்தது அதனால்தான். சி.டி. மெஷின் உடம்பைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான பக்கத்திலிருந்து நிழல் பிடிக்கிறது. அப்புறம் அந்த நிழல்களை வைத்துக் கணக்குப் போட்டு, ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டுகிறது.

அந்தக் கணக்கில்தான் சிக்கல். ஒவ்வொரு நிழலையும் வந்த திசையிலேயே திருப்பிப் பூசினால் போதுமே என்று தோன்றும். பூசினால், கோடுகள் சந்திக்கிற இடம் கறுக்கும், நிஜம். ஆனால் சுற்றிலும் மை ஊறின மாதிரி ஒரு கசிவு நிற்கும். நம் மலையில் பனி இறங்கின நேரத்தில் எதிரே வருகிற லாரி விளக்கு எப்படித் தெரியும்? விளக்கு இருக்கிறது, அதன் ஓரம் எங்கே என்று தெரியாது. படமும் அப்படித்தான் இருக்கும். கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?

இராமச்சந்திரன் 1970-இல் சென்னையை விட்டுப் பெங்களூருக்கே திரும்பியிருந்தார். அங்கே ஏ.வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971 செப்டம்பரில், அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் 5 பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். நிழலைத் திருப்பிப் பூசுவதற்கு முன்னாலேயே ஒரு கழித்தல் செய்துவிடணும், அதுதான் அவர்கள் கண்ட வழி. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பக்கத்துப் புள்ளிகளில் ஒரு பங்கைக் கழிக்கணும், ஒன்று விட்டு ஒன்றாக. பக்கத்திலேயே இருக்கிற 1-ஆவது புள்ளிக்கு ஒரு பங்கு என்றால் 3-ஆவதுக்கு அதில் 9-இல் ஒன்று, 5-ஆவதுக்கு 25-இல் ஒன்று. நடுவில் இருக்கிற 2, 4-க்கு ஒன்றுமே இல்லை. இதைச் செய்துவிட்டுப் பூசினால் கசிவை அந்தக் கழித்தலே தின்றுவிடும், ஓரம் பளிச்சென்று நிற்கும். அதுவரை இந்த வேலைக்கு ஃபூரியர் முறை என்று ஒரு நீண்ட கணக்கு இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது பெரும்பாடு. இவர்கள் வழி சுருக்கம், துல்லியமும் கூட.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இதே கருத்தை 1967-இலேயே பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் எழுதியிருந்தார்கள், வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளை ஆராய. எக்ஸ்ரே படத்துக்கென்று அதைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் எளிதில் செய்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தவர்கள் பெங்களூர்க்காரர்கள். மெஷினைக் கட்டியவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு. கட்டுரை வந்த அடுத்த மாதம், 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, இலண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார். அவர் மெஷினில் முதலில் வேறு கணக்குத்தான் ஓடியது. சீக்கிரமே மெஷின் செய்கிறவர்கள் எல்லாரும் கழித்துப் பூசுகிற வழிக்கு மாறிவிட்டார்கள். 1979-இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போயிற்று. இராமச்சந்திரனுக்கு நோபல் கடைசிவரை வரவில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

இப்போது அக்காவின் பயத்துக்கு வருகிறேன். கதிரை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதனுக்கு வருஷத்துக்குச் சராசரி 2.4 தானாக வந்து சேர்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1-க்குள். நெஞ்சு சி.டி. சாதாரணமாக 6, 7 வரை போகும். ஆகவே சும்மா சும்மா எடுக்கிற காரியம் இல்லை. கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால்கூட, முதலில் சொல்லிவிடணும். முன்னே எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டு போகணும். இல்லாவிட்டால் அதையே மறுபடியும் எடுப்பார்கள்.

கதிரைக் குறைத்துவிட்டால் ஆயிற்றே என்பீர்கள். குறைத்தால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பாதியாக்க கதிரை 2 மடங்கு ஏற்றினால் போதாது, 4 மடங்கு ஏற்றணும். அதனால்தான் இந்தக் கணக்குக்கு இவ்வளவு மதிப்பு. கதிர் உடம்பைக் கடந்து போனது போனதுதான். போன கதிரிலிருந்து எவ்வளவு தெளிவு கறக்கலாம் என்பது கணக்கின் கையில். இராமச்சந்திரன் வடிகட்டிக்கும் ஒரு குறை இருந்தது. ஓரத்தைக் கூர்மையாக்கும்போது மணல் புள்ளியையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிடும். 1974-இல் ஷெப், லோகன் என்ற அமெரிக்கர்கள் அதைக் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். இன்றைக்கு எலும்புக்கும் நுரையீரலுக்கும் கூர்மையான வடிகட்டி, ஈரலுக்கும் மூளைக்கும் மென்மையானது என்று வைத்திருக்கிறார்கள். ஒரே தடவை எடுத்த அளவுகளை இரண்டு வடிகட்டியிலும் போட்டு இரண்டு விதமாகப் பார்க்கலாம். இன்னொரு தரம் படுக்க வேண்டியதில்லை. சுமார் 2009 முதல், படத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத் திருத்துகிற புதுக் கணக்குகளும் ஆசுபத்திரிக்கு வந்துவிட்டன. குறைந்த கதிரிலேயே படம் தேறுகிறது.

கடைசி வருஷங்கள் அவருக்குக் கஷ்டம். கை கால் நடுக்கும் பார்கின்சன் நோய். 1998-இல் மனைவி இராஜலட்சுமி இறந்துபோனார். 1999-இல் படிகவியலில் உலகத்தின் பெரிய விருதான எவால்டு பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார். வடிகட்டிக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் ராம்-லாக். இராமச்சந்திரனில் பாதி, இலட்சுமிநாராயணனில் பாதி.

அக்கா அடுத்த செவ்வாய்க்கிழமை மகனோடு சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்குப் போனார். மெஷினுக்குள் இருந்த நேரம் ஒரு டம்ளர் தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட இல்லையாம். நிழல் என்னவென்று தெரிந்தது, பழைய காசத்தின் தழும்பு. படம் பதிந்த தகட்டை வாங்கி வந்து, அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளை எடுத்து விளையாடாமல் இருக்கப் பூட்டும் போட்டாயிற்று.