நோயாளியின் உறக்கம் காத்த அம்மையார்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இல்லை. விளக்கேந்திய மங்கை என்று பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஆயினும், மருந்தும் கத்தியும் தர இயலாத ஒன்றை, அதாவது நோயாளிக்கு அமைதியும் உறக்கமும் தருவதை, ஒரு கலையாகவே வகுத்துத் தந்தவர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1820 மே 12 அன்று, செல்வச் செழிப்புள்ள ஆங்கிலக் குடும்பத்தில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. தாதியர் பணி இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. வீட்டாரின் எதிர்ப்பைப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து, 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார்.

1853-இல் லண்டனில் பெண்களுக்கான சிறு மருத்துவமனை ஒன்றின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய், உணவை மேலேற்ற ஒரு தூக்கி, எந்த நோயாளி அழைக்கிறார் என்று தாதிக்குக் காட்டும் மணி ஆகியவற்றை அமைக்கச் செய்தார். அழைத்தால் யாரேனும் வருவர் என்ற நிச்சயமே நோயாளிக்குப் பாதி ஆறுதல் அன்றோ! கத்தோலிக்கரையும் யூதரையும் அங்கே சேர்க்கலாகாது என்ற போக்கையும் அவர் ஏற்கவில்லை. அவரவர் குருக்கள் வந்து பார்க்கவும் அனுமதி பெற்றுத் தந்தார்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போர். 38 பெண்களுடன் 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டாரியை அடைந்தார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் பெர்மாண்ட்சி மடத்து அன்னை மேரி கிளேர் மூர் அவருக்கு வலக்கரமாய் விளங்கினார். அந்த நட்பு அன்னை 1874-இல் மறையும் வரை நீடித்தது. ஸ்கூட்டாரியில் காயத்தைவிடக் காய்ச்சலும் கழிச்சலுமே அதிகம் பேரைக் கொன்றன. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் அமைத்த பின்னரே சாவு வெகுவாகக் குறைந்தது. அம்மையார் இந்தப் பாடத்தை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

நாடு திரும்பியபின் அவரே நோய்வாய்ப்பட்டு நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். தாதியருக்கான அவரது சிறு நூல் அந்த நாட்களில்தான் பிறந்தது. அதில் அவர் சொல்வன எளியவை. முதல் உறக்கத்தில் நோயாளியை எழுப்பலாகாது. சில நிமிடங்களில் கலைந்த தூக்கம் மீண்டும் வருவது அரிது. பேரோசையைவிட, வாசலுக்கு வெளியே கேட்கும் கிசுகிசுப்பு கொடியது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் மனம் பதறும். கட்டிலில் சாய்ந்து அதை அசைக்கலாகாது. தலையைத் திருப்பாமலே காணும்படி எதிரே அமர்ந்து பேச வேண்டும். ஜன்னலும் வெளிச்சமும் மலரின் நிறமும் உடலுக்கே நலம் செய்யும். எல்லாம் சரியாகிவிடும் என்ற வெற்று ஆறுதல் நோயாளியைக் களைப்படையச் செய்யும்.

1860-இல் லண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் தாதியர் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலேயப் படைவீரர் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் மாண்டதை அரசுக் குழுவின் 1863-ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. அந்த ஆய்வில் அம்மையாரின் பங்கு பெரிது. நம் நாட்டில் கால் வைக்காமலே, சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு முதலியோருடன் கடிதத் தொடர்பு கொண்டு நமது சுகாதாரத்துக்காகப் பாடுபட்டார். 1910 ஆகஸ்ட் 13 அன்று, தமது 90-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் சொன்னதை விஞ்ஞானமும் பின்னர் ஆராய்ந்தது. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 1984-இல் வெளியாயிற்று. ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கல் சுவரையே கண்ட மற்ற 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். வலிக்கான கடும் மருந்தும் குறைவாகவே கேட்டனர். மருத்துவமனை அறையில் இரவு ஓசை 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. இவை மருந்துக்கு மாற்று அல்ல; மருந்துக்குத் துணை.

அன்பார்ந்த பங்கு மக்களே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்க முயல்வோருக்கு, கலைந்த தூக்கத்தின் வேதனை நன்கு தெரியும். நோயுற்றோரைச் சந்திப்பது நம் இரக்கச் செயல்களில் ஒன்று. ஆனால் பத்துப் பேராய்ச் சென்று கட்டிலைச் சூழ்ந்து, உறங்குபவரைத் தட்டியெழுப்பி நலம் கேட்பது இரக்கமாகுமோ? இனி இருவராய்ச் செல்வோம். செல்போன் மணியை வாசலிலேயே அடக்குவோம். நோயாளி உறங்கினால் கொண்டுசென்ற பழத்தை மேசைமேல் வைத்து, மௌனமாய் ஒரு செபம் சொல்லித் திரும்புவோம். கண் விழிக்கும்போது, நாம் வந்து போனதை அந்தப் பழமே அவருக்குச் சொல்லும்.