வில்லியம் ஆஸ்லர்

சர் வில்லியம் ஆஸ்லர் (ஜூலை 12, 1849 - டிசம்பர் 29, 1919) கனடாவில் பிறந்த மருத்துவரும் மருத்துவப் பேராசிரியரும் ஆவார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் முதல் தலைமை மருத்துவர் இவரே. மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றவர் என இவர் போற்றப்படுகிறார். படுக்கையருகே கற்பிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் முன்பே இருந்தது. அதனை அமெரிக்கப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் உறுப்பாக நிலைநிறுத்தியதே ஆஸ்லரின் பங்களிப்பு ஆகும்.

இளமையும் கல்வியும்

ஆஸ்லர் ஒன்டாரியோவின் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். முதலில் இறைப்பணிக்கான கல்வியை நாடிய இவர், பின்னர் மருத்துவத்திற்கு மாறி, 1872 இல் மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இலண்டன், பெர்லின், வியன்னா ஆகிய நகரங்களில் இரண்டாண்டுகள் பயின்றபின் 1874 இல் மக்கிலுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

மாணவர்கள் தம் கைகளாலேயே நுண்ணோக்கியைப் பயன்படுத்திப் பழக வேண்டும் என்று ஆஸ்லர் விரும்பினார். ஆனால் அதற்குப் பணம் இருக்கவில்லை. மொன்றியல் பொது மருத்துவமனையின் பெரியம்மைப் பிரிவில் பணியாற்றியதற்காகக் கிடைத்த 600 டாலரைக் கொண்டு மாணவர்களுக்கு நுண்ணோக்கிகள் வாங்கினார். அப்பிரிவில் பணியாற்றியபோது இவருக்கும் அந்நோய் தொற்றியது. மொன்றியலில் இருந்த காலத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிரேத பரிசோதனைகளைச் செய்து, உள்நோயாளர் பிரிவில் கண்டவற்றைச் சவக்கிடங்கில் கண்டவற்றோடு ஒப்பிட்டுக் கற்பித்தார். 1884 இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பால்டிமோர்

1873 இல் இறந்த வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஒரு பல்கலைக்கழகத்திற்கும் ஒரு மருத்துவமனைக்குமாக 70 இலட்சம் டாலரைச் சரிபாதியாக விட்டுச் சென்றார். மருத்துவமனைக்குரிய மூலதனத்தைத் தொடாமல், அதன் வருவாயைக் கொண்டே கட்டிடங்கள் எழுப்பப்பட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இதனால் கட்டுமானம் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. எனினும் 1889 இல் மருத்துவமனை திறக்கப்பட்டபோது மூலதனம் குறையாமல் இருந்தது; ஏழை நோயாளிகளைக் கட்டணமின்றி ஏற்கவும் முடிந்தது.

பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அதன் நிதி பெரும்பாலும் பால்டிமோர்-ஒகையோ இரயில்வேயின் பங்குகளில் இருந்தது. ஈவுத்தொகை நின்றுபோனதால் மருத்துவமனை திறந்த பின்னரும் மருத்துவக் கல்லூரியைத் தொடங்க இயலவில்லை. மேரி காரெட் என்பவரும் அவருடைய தோழியரும் திரட்டிய 5 இலட்சம் டாலர் அத்தடையை நீக்கியது; அதில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகை காரெட்டின் சொந்தக் கொடை. ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் சேர்க்க வேண்டும், சேருவோர் முன்னரே பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பவை அவர்களின் நிபந்தனைகள். 1893 இல் முதல் வகுப்பில் சேர்ந்த 18 பேரில் மூவர் பெண்கள். கல்லூரி இல்லாத இடைக்காலத்தில் ஆஸ்லர் எழுதி 1892 இல் வெளியிட்ட மருத்துவப் பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது.

கற்பித்தல் முறை

அக்காலத்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுள் பல ஆசிரியர்களுக்கே சொந்தமானவை; மாணவர் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொண்டு நடந்தவை. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரை அமர்த்தி விரிவுரை ஆற்றுவதே அவற்றுக்கு ஆதாயமாக இருந்தது. நோயாளியையே தொடாமல் பட்டம் பெற்றவர்களும் இருந்தனர்.

ஹாப்கின்ஸில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் புறநோயாளர் பிரிவில் பயின்றனர். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் சில உள்நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டனர். நோய் வரலாற்றை எழுதுவது, குருதியையும் சிறுநீரையும் ஆராய்வது, நாள்தோறும் நோயின் போக்கைக் குறிப்பது ஆகியவை அவர்களின் கடமைகள். ஆஸ்லர் சுற்றுக்கு வரும்போது அம்மாணவரே நோயாளியைப் பற்றிக் கூற வேண்டும். பட்டம் பெற்றோர் மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் தங்கிப் படிப்படியாக உயரும் உறைவிட மருத்துவர் முறையும் ஜெர்மானிய மருத்துவமனைகளைப் பின்பற்றி இங்கு வேரூன்றியது. இவ்வாறு சிறு குழுக்களாகக் கற்பிப்பதற்குச் செலவு மிகுதி. கட்டணத்தை மட்டும் நம்பிய கல்லூரியில் இது நடந்திராது.

1904 பெப்ரவரியில் பால்டிமோர் பெருந்தீயில், மருத்துவமனைக்கு வாடகை ஈட்டித் தந்த கட்டிடங்கள் பல அழிந்தன. தமது பத்தாண்டு ஊதியத்தை விட்டுத்தர ஆஸ்லர் முன்வந்தார். பின்னர் ஜான் ராக்ஃபெல்லர் 5 இலட்சம் டாலர் அளித்து இழப்பை ஈடுசெய்தார். ராக்ஃபெல்லரின் கொடைகளுக்கு ஆலோசகராயிருந்த பிரெடரிக் கேட்ஸ், 1897 இல் ஆஸ்லரின் நூலைப் படித்து, குணப்படுத்தத் தெரிந்த நோய்கள் எவ்வளவு குறைவு என்று வியந்தவர். 1901 இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனம் தோன்ற அவ்வாசிப்பு தூண்டுதலாயிற்று.

முழுநேரப் பேராசிரியர் விவாதம்

ஆஸ்லரைத் தேடிவந்த தனிப்பட்ட நோயாளிகளின் கூட்டம் ஆண்டுதோறும் பெருகியது. அந்தச் சுமையிலிருந்து விடுபட விரும்பியதும் 1905 இல் இவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரச பேராசிரியர் பதவியை ஏற்றதற்கு ஒரு காரணம். 1911 இல் ஆப்ரகாம் பிளெக்ஸ்னர், பேராசிரியர்களின் நேரத்தைத் தனித் தொழில் விழுங்குகிறது எனக் குறைகூறி, மருத்துவப் பேராசிரியர்கள் ஊதியம் மட்டுமே பெற வேண்டும், நோயாளிகள் தரும் கட்டணம் நிறுவனத்தையே சேர வேண்டும் என்று பரிந்துரைத்தார். கேட்ஸ் இதனை ஆதரித்தார்.

ஆஸ்லர் அதே ஆண்டில் பல்கலைக்கழகத் தலைவர் ஐரா ரெம்சனுக்கு நீண்ட கடிதம் எழுதி இத்திட்டத்தை எதிர்த்தார். ஆய்வுக்கூடத்தில் அடைபட்ட ஆசிரியர் வெளியுலக மருத்துவத்தை அறியாதவராவார், அவரிடம் பயிலும் மாணவரும் அவ்வாறே ஆவர் என்பது இவரது அச்சம். தனித் தொழிலால் தாமே பெரும்பயன் பெற்றவர் என்பதால் இவரது வாதத்தை முற்றிலும் நடுநிலையானதாகக் கொள்ள இயலாது. ஆயினும் அச்சம் பொய்யானதன்று. 1913 இல் ராக்ஃபெல்லரின் பொதுக் கல்வி வாரியம் 15 இலட்சம் டாலர் அளிக்க, ஹாப்கின்ஸ் திட்டத்தை ஏற்றது. ஆஸ்லருக்குப்பின் அப்பதவியில் இருந்த லூவெலிஸ் பார்க்கர் முழுநேரப் பதவியை ஏற்க மறுத்தார். அவ்விடத்திற்கு 1914 இல் வந்த தியோடர் ஜேன்வே மூன்றே ஆண்டுகளில் பதவி விலகினார்.

இறுதிக்காலம்

1911 இல் ஆஸ்லருக்கு பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. மகன் ரெவியர் முதல் உலகப்போரில் 1917 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். ஆஸ்லர் 1919 இல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். மருத்துவ வரலாறு தொடர்பாக இவர் சேர்த்த ஏறத்தாழ 8,000 நூல்கள் மக்கில் பல்கலைக்கழகத்திற்குச் சென்றன. 1929 இல் அங்கு திறக்கப்பட்ட ஆஸ்லர் நூலகத்தில், அந்நூல்களின் நடுவே இவரது சாம்பல் வைக்கப்பட்டுள்ளது.