மலாக்கா தந்த மொழியாசான் முன்ஷி அப்துல்லா

மலாக்கா நகருக்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவர்கள் செந்நிறக் கட்டடங்களையும் அ ஃபமோசா கோட்டை வாசலையும் பார்த்துவிட்டு, முன்ஷி அப்துல்லா சாலை வழியே பேருந்தில் திரும்புவது வழக்கம். அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் யார் என்று கேட்டால், இடைநிலைப்பள்ளியில் மனனம் செய்த விடை உடனே வரும்: நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. அதற்குமேல் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். அவருடைய முன்னோர் நாகூர் வழி வந்தவர்கள் என்பதையும், சிறுவயதில் அவர் இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார் என்பதையும் அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் தம்மை மலாய்மொழிக்கு ஒப்புக்கொடுத்தவர். ஆயினும், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயையும் ஆங்கிலத்தையும் ஒருசேர எதிர்கொண்ட நம் போன்றோர்க்கு அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மொழியின் சொற்களைச் சேர்ப்பது வேறு, அந்த மொழியை அறிவது வேறு என்பதே அது.

சொல் கொடுத்தவர்கள்

மலாக்கா பண்டைக்காலந்தொட்டே பிறமொழியார் வந்து சொல் பொறுக்கிய துறைமுகம். 1511-இல் போர்த்துக்கீசியர் இந்நகரைக் கைப்பற்றியபோது அவர்களுடன் வந்தவர் மகெல்லன். இங்கிருந்து என்ரிக் என்ற அடிமையை அவர் அழைத்துச் சென்றார். பின்னர் 1519-இல் ஸ்பெயின் அரசருக்காக அவர் கடற்பயணம் புறப்பட்டபோது என்ரிக்கே மொழிபெயர்ப்பாளர். அதே பயணத்தில் சென்ற இத்தாலியரான பிகாபெட்டா நானூறுக்கும் மேற்பட்ட மலாய்ச் சொற்களைத் தொகுத்துத் தந்தார். 1701-இல் தாமஸ் பவ்ரி என்ற ஆங்கில வணிகர் ஆங்கில–மலாய் அகராதியை வெளியிட்டார். 1812-இல் வில்லியம் மார்ஸ்டனின் அகராதி வந்தது.

இந்நூல்களின் அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது. சொல்லைச் சொல்லிக் கொடுத்த உள்ளூர்க்காரர் பெயர் இல்லை. துறைமுகத்திலும் சந்தையிலும் பொறுமையுடன் உட்கார்ந்து, இதற்கு இன்ன பெயர், அதற்கு இன்ன பொருள் என்று விளக்கிய அந்த ஆசான்கள் வரலாற்றில் மறைந்துபோனார்கள். அவ்வாறு மறையாமல் நின்றவர் முன்ஷி அப்துல்லா. காரணம், அவர் தம் கதையைத் தாமே எழுதி வைத்தார்.

பிறப்பும் கல்வியும்

அப்துல்லா 1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து அங்கேயே மணம் புரிந்து மார்க்கக் கல்வி போதித்தவர். அவருடைய மக்களுள் ஒருவரான முகமது இப்ராஹிம் மலாக்காவுக்கு வந்து, ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகளான பெரியாச்சியை மணந்தார். பெயர்களே இக்குடும்பத்தின் தமிழ் மணத்தை உணர்த்தும். அவர்களின் மகன் அப்துல் காதிர்தான் அப்துல்லாவின் தந்தை.

அப்துல்லாவுக்கு முன் பிறந்த நான்கு ஆண் குழந்தைகளும் இறந்துவிட்டனர். இவரும் நோயுற்ற பிள்ளையாகவே வளர்ந்தார். ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள் ஓதவும் எழுதவும் வந்த பள்ளியை அவர் பாட்டி நடத்தி வந்தார். அங்கேதான் அவரது படிப்பு தொடங்கியது.

குர்ஆன் ஓதி முடித்தபின் தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இது நமக்கு வியப்பாக இருக்கலாம். அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகத்தின் மொழி. பெருவணிகர் பலர் தமிழர். கணக்கெழுதவும் பேரம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. ஆகவே வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைப்பது அந்நகரின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. தமிழ் படித்தால் என்ன பயன் என்று இன்று கேட்கிறார்களே, அக்கேள்வி அன்று அவ்வூரில் எழவில்லை.

மலாய் எழுத்தைத் தந்தையே கற்பித்தார். கடுமையான ஆசிரியர், பிழை விட்டால் பிரம்பு பேசும். ஒருநாள் தந்தை இல்லாத வேளையில் ஒரு கப்பல் தலைவர் கடன் பத்திரம் எழுத அவரைத் தேடி வந்தார். சிறுவன் அப்துல்லா தானே அதை எழுதிக் கொடுத்துக் கூலியும் பெற்றுவிட்டான். செய்தி தெரிந்த தந்தை முகத்தில் கோபத்தைக் காட்டினார்; அன்றிரவு தாயிடம் மட்டும் தம் மகிழ்ச்சியைச் சொன்னார். நம் தோட்டத்து அப்பாக்களின் சாயல் இதில் தெரிகிறதல்லவா?

கோட்டையில் கிடைத்த பட்டம்

அக்காலத்தில் மலாக்கா ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு அப்துல்லா குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி மொழியைத் தாம் கற்றுக்கொண்டார். மொழியாசான், எழுத்தர் என்ற பொருளுடைய முன்ஷி என்னும் சொல்லால் அவர்கள் அவரை அழைத்தனர். அதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1807-இல் அந்தக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதையும் அவர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

மலாயில் தேர்ச்சி பெற அவர் மேற்கொண்ட வழி நாம் கவனிக்கத்தக்கது. அதற்கென்று பள்ளியோ இலக்கண நூலோ அன்று இல்லை. தந்தை சேர்த்து வைத்திருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்தார். பொருள் விளங்காத சொல்லை மூத்தவர்களிடம் கொண்டுபோய்க் கேட்டார். பழமொழி, மரபுத்தொடர், அரசவை வழக்கு, கடைத்தெரு வழக்கு என ஒவ்வொன்றையும் அது புழங்கும் இடத்திலேயே சென்று பிடித்தார். நூலும் மக்களும் அவருக்கு இரு ஆசான்கள்.

ஆங்கிலேயர்க்கு ஆசான்

ஜாவாவின்மீது படையெடுக்க ஆயத்தம் செய்வதற்காக ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தபோது, 1811-ஆம் ஆண்டை ஒட்டி, அவரிடம் பணியாற்றிய எழுத்தர்களுள் அப்துல்லாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினைந்தளவே. மலாய் அரசர்களுக்குச் செல்லும் கடிதங்களும் ராஃபிள்ஸ் திரட்டிய சுவடிகளின் படிகளும் அவ்வெழுத்தர்களின் கையால் உருவாயின.

1815-இல் வில்லியம் மில்ன் என்ற கிறிஸ்தவ மதபோதகர் மலாக்காவுக்கு வந்தார். 1818-இல் அங்கே ஆங்கில–சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மில்னுக்கு அப்துல்லா மலாய் கற்பித்தார். மில்னிடம் அப்துல்லா ஆங்கிலம் கற்றார். கொடுத்துக் கற்பதும் கற்றுக் கொடுப்பதும் ஒன்றாகவே நடந்தன. பின்னர் சிங்கப்பூரில் வணிகர், அதிகாரி, மதபோதகர் எனப் பல ஆங்கிலேயர்கள் அவரிடம் மலாய் பயின்றனர்.

சொல்லும் வழக்கும்

தாம்சன் என்ற மதபோதகரும் அவரிடம் பயின்றவரே. ஆங்கிலம், பூகிஸ், மலாய் ஆகிய மூன்று மொழிகளில் சுமார் 2,000 சொற்கள் கொண்ட தாம்சனின் சொற்றொகுதி 1833-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. தாம்சனின் மொழிப்பணிகளில் அப்துல்லா நெடுங்காலம் துணைநின்றார்.

ஆனால் இருவருக்கும் இடையே ஒரு பெரும் பிணக்கு இருந்தது. தாம்சனுக்குச் சொற்கள் தெரியும். அவற்றை அவர் ஆங்கில வாக்கியத்தின் வரிசையிலேயே அடுக்கினார். விவிலிய மொழிபெயர்ப்பில் அப்துல்லா திருத்தம் சொன்னால், மூலத்தில் உள்ளபடியே இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சொல் மலாய், நடை ஆங்கிலம் என்ற நிலை அப்துல்லாவை மிகவும் வருத்தியது. படிப்பவர்கள் இந்தப் பிழைகளை முன்ஷியின் பிழையென்று எண்ணிவிடுவார்களே என்ற கவலையும் அவருக்கு உண்டு. பின்னாளில் தம்மிடம் பயின்ற கீஸ்பெரியுடன் சேர்ந்து அவர் மீண்டும் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டார்.

அப்துல்லாவின் வருத்தத்தை நம் காலத்து எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஒருவன் வாளியை உதைத்தான் என்றால் அவன் இறந்துவிட்டான் என்று பொருள். நம் பேச்சுத்தமிழில் அவனே மண்டையைப் போட்டவன் ஆகிறான். மலாயில் காற்றைத் தின்னப் போனேன் என்பவர் பட்டினி கிடந்தவர் அல்லர். உல்லாசமாக ஊர் சுற்றிவிட்டு வந்தவர். வாளி, மண்டை, காற்று என்ற சொற்களை அகராதியில் பார்த்து மனனம் செய்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் விளங்காது. மொழியின் உயிர் வழக்கில் இருக்கிறது.

இதை உணர்ந்த அறிஞர்கள் பிறநாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். லண்டனில் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-இல் தெருப்பேச்சுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், ஐரோப்பியர் மக்களோடு பேசிப் பழகக் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். ஆனால் வீரமாமுனிவர் அயல்மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவர். அப்துல்லா மொழிக்குள் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வருவோர்க்கு வாசல் திறந்தவர். அதனால்தான், வாசல் தவறாகத் திறக்கப்படும்போது அவருக்கு வலித்தது.

எழுத்தாளராக

1835-இல் தமிழ் நண்பர் ஒருவரின் துணையுடன் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டு வந்தார் அப்துல்லா. சிறுவயதில் கணக்குக்காகக் கற்ற தமிழ் இலக்கியத்திற்கும் பயன்பட்டது. 1838-இல் ஆங்கிலேய, சீன வணிகர்களின் பொருட்டுக் கிளந்தான் சென்று, அப்பயணத்தை நூலாக்கினார். ஆல்பிரட் நார்த் என்ற அமெரிக்கப் போதகர் தூண்டியதன்பேரில் 1840-இல் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அந்நாள்களில் அவருடைய மனைவி காலமானார். துயரத்தினூடே எழுதி முடித்த அந்நூல், ஹிகாயாட் அப்துல்லா, 1849-இல் கல்லச்சில் வெளிவந்தது. மன்னர்களையும் மாயங்களையும் பாடிய எழுத்துலகில், சாதாரண மனிதன் கண்டதையும் கேட்டதையும் எளிய நடையில் சொன்ன நூல் அது.

நீராவிக்கப்பலைப் பற்றியும் தனியே ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் ஆண்ட பெயர் காப்பால் ஆசாப், அதாவது புகைக்கப்பல். ஆங்கிலச் சொல்லை அப்படியே தூக்கிவராமல், மக்கள் வாயில் இருக்கும் இரு சொற்களை இணைத்துப் புதுப்பொருளுக்குப் பெயரிட்டார். அவற்றுள் காப்பால் என்பது நம் கப்பல் என்னும் சொல்லிலிருந்து வந்தது. கெடாய், பெட்டி, கட்டில், கூலி என நம் கடையும் பெட்டியும் கட்டிலும் கூலியும் மலாயில் குடியேறியதும் இதே துறைமுக வாழ்வின் வழிதான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் ஆட்சியாளர்களைக் கடுமையாகச் சாடினார் என்ற விமர்சனம் உண்டு. அவருடைய பிழைப்பு ஆங்கிலேயரைச் சார்ந்திருந்ததையும் நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் மொழி என்று வந்தபோது, சம்பளம் கொடுப்பவரிடமே பிழையைப் பிழையென்று சொன்னவர் அவர்.

1854-இல் ஹஜ் பயணம் மேற்கொண்டு அரேபியா சென்ற அப்துல்லா அங்கேயே காலமானார். அவருடைய மகன் முகமது இப்ராஹிம் முன்ஷியும் ஜொகூர் அரசில் பணியாற்றிப் பயண நூல் எழுதியவர்.

நமக்கான செய்தி

அப்துல்லா தம் நூலில் மீண்டும் மீண்டும் ஆதங்கப்பட்ட ஒன்று உண்டு. மலாய்மக்கள் மலாயைத் தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று எண்ணி முறையாகக் கற்காமல் விடுகிறார்கள் என்பதே அது. வீட்டில் பேசும் மொழியையும் ஆசான்முன் அமர்ந்து படிக்கவேண்டும் என்று அவர் வாதாடினார். இன்று அந்த ஆதங்கம் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் உட்பட நம்மில் எத்தனை பேர் இடைநிலைப்பள்ளியோடு தமிழ்ப்பாடத்தைக் கைவிட்டோம்? எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்கத் தயங்கியோர் எத்தனை பேர்? மலாக்கா காஜா பெராங்கில் வாழும் செட்டி சமூகத்தார் கோயிலையும் சடங்கையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர், வீட்டுமொழியோ மலாயாகிவிட்டது. மொழி தானாக வருவதுமில்லை, தானாக நிற்பதுமில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்ததனால் மற்ற மொழிகளில் பின்தங்கினோம் என்று சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. அவர்களுக்கு அப்துல்லாவின் வாழ்க்கையே விடை. தமிழ், மலாய், அரபு, இந்துஸ்தானி, ஆங்கிலம் என ஐந்தும் அவரிடம் ஒன்றையொன்று தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் மக்களிடம் கேட்டு, அதனதன் வழக்கில் கற்றார்.

அடுத்தமுறை மலாக்காவில் அவர் பெயர் தாங்கிய சாலையில் செல்லும்போது, தாம் பேசிய மொழிகளுள் ஒன்றையும் அரைகுறையாக விடாத ஒரு மனிதர் இவ்வூரில் வாழ்ந்தார் என்பதை நினைவில் கொள்வோம். நம் கையிலும் மூன்று மொழிகள் இருக்கின்றன. ஒன்றையும் அரைகுறையாக விடாதிருப்பது நம் கடமை.