மூவுலகம் பாடிய தாந்தே

இத்தாலி நாட்டில் ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்தது பிளாரன்சு நகரம். கம்பளி வாணிகத்தாலும் வட்டித் தொழிலாலும் செல்வம் கொழித்த அந்நகரில் 1265ஆம் ஆண்டில் தாந்தே அலிகியேரி பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். சில ஆண்டுகளில் தந்தையும் மறைந்தார். ஒன்பதாம் வயதில் பியாத்திரிசு என்னும் சிறுமியைக் கண்டார். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அம்மங்கை வேறொருவரை மணந்து, 1290இல் இளவயதிலேயே இறந்தாள். தாந்தேயும் மணம் புரிந்து மக்களைப் பெற்றார். எனினும் அவர்தம் பாட்டில் வாழ்பவள் பியாத்திரிசே.

அந்நாளில் பிளாரன்சு கட்சிப் பூசலால் அலைக்கழிந்தது. வெள்ளைக் கட்சி, கறுப்புக் கட்சி என இரு பிரிவினர் தெருக்களில் குருதி சிந்தினர். 1300ஆம் ஆண்டு சூன் திங்களில், நகரை ஆளும் அறுவருள் ஒருவராகத் தாந்தே அமர்ந்தார். பதவிக்காலம் இரண்டே திங்கள். அமைதி நாட்டும் பொருட்டு அவ்வறுவரும் இரு கட்சித் தலைவர்களையும் நகரைவிட்டு வெளியேற்றினர். வெளியேறியவருள் ஒருவர் புலவர் குய்தோ கவல்காந்தி, தாந்தேயின் உயிர்த்தோழர். சென்ற இடத்தில் நோயுற்ற அவர், அவ்வாண்டே உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டு தாந்தே தூதுவராக உரோமாபுரிக்குப் போப்பாண்டவர் எட்டாம் போனிபாசிடம் சென்றிருந்த வேளையில், கறுப்புக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றினர். பொதுப்பணத்தில் முறைகேடு செய்தார் என்று 1302 சனவரியில் அவர்மீது குற்றம் சாட்டித் தண்டமும் நாடுகடத்தலும் விதித்தனர். மார்ச்சுத் திங்களில், அகப்பட்டால் தீயிலிட்டுக் கொல்வது என்று தீர்ப்பளித்தனர். பொய்க்குற்றம் சுமந்த அப்பெரியார் தம் ஊர் மண்ணைப் பின்னர் மிதிக்கவே இல்லை.

மனிதர் தீர்ப்பால் வீடிழந்த அவர், இறைவன் தீர்ப்பைப் பாட முனைந்தார். கற்றோர் இலத்தீனில் எழுதிய காலத்தில், தாய்மொழியிலேயே நூறு காண்டங்களில் 14,233 அடிகளாகத் தம் காப்பியத்தை யாத்தார். நரகம், தூய்மை பெறும் தலம், விண்ணகம் ஆகிய மூன்றினூடும் தாமே நடந்து சென்றதாக அதனை அமைத்தார். அதற்குத் தெய்வீகம் என்னும் அடைமொழியைச் சேர்த்தவர்கள் பிற்காலத்தார்.

அந்நூலை அறிய, அக்கால நம்பிக்கையைச் சிறிது அறிதல் வேண்டும். ஒருவர் இறந்தவுடன் அவருயிர் தனித்தீர்ப்புப் பெறும். உலக முடிவில் இறந்தோர் உடலோடு எழுந்து பொதுத்தீர்ப்புப் பெறுவர். மனந்திரும்பாக் கொடும்பாவிக்கு நரகம். அங்கிருந்து மீட்சி இல்லை. மனம் வருந்தியும் கழுவாய் முடியாது இறந்தவருக்குத் தூய்மை பெறும் தலம். தமிழகக் கத்தோலிக்கர் இதனை உத்தரிக்கிற ஸ்தலம் என வழங்கினர். வாழ்வோர் செய்யும் செபமும் தருமமும் அங்குள்ளோர்க்கு உதவும் என 1274இல் இலியோன் நகரில் கூடிய திருச்சங்கம் உறுதி செய்தது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த புராட்டஸ்டண்டுச் சபையினர் இக்கொள்கையை மறுத்தனர்.

இத்தலத்தை நரகத்தை அடுத்த இருட்சிறையாகப் பலர் எண்ணியிருந்தனர். தாந்தே அதனைக் கடல் நடுவே வானளாவி நிற்கும் மலையாக ஆக்கினார். புலவரின் துணிவு இங்கேதான் விளங்குகிறது. அம்மலையில் கதிரவன் ஒளியும் விண்மீனும் உண்டு, பாட்டொலியும் உண்டு. ஏழு பாவங்களுக்கு ஏழு படிகள். செருக்குற்றோர் பெருங்கல் சுமந்து முதுகு வளைந்து நடக்கின்றனர். பொறாமையுற்றோர் கண்ணிமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டுள்ளன. சோம்பியிருந்தோர் ஓய்வின்றி ஓடுகின்றனர். துன்பம் கொடிதே, எனினும் அங்கு அழிவு அச்சம் இல்லை. ஏற ஏற மலை எளிதாகிறது.

தீர்ப்பில் தாந்தே முகம் பாரார். தாம் பெரிதும் மதித்த ஆசான் புருனெத்தோ இலத்தீனியைத் தீமழை பொழியும் நரகில் காண்கிறார், தலை தாழ்த்தி உடன் நடக்கிறார், விடுவிக்கவில்லை. போப்பாண்டவர் போனிபாசுக்கும் நரகில் ஓர் இடம் காத்திருக்கிறது. மறுபுறம், திருச்சபையால் விலக்கப்பட்டு 1266இல் போர்க்களத்தில் மாண்ட மன்னன் மான்பிரெதியை மலையடிவாரத்தில் வைத்தார். இறுதி மூச்சில் அவன் அழுது மனந்திரும்பினான்; இறைவன் ஏற்றான். தன் மகள் தனக்காகச் செபிக்கட்டும் என்று அவன் வேண்டுகிறான். தம்மையும் புலவர் விடவில்லை. செருக்குற்றோர் சுமக்கும் கல் தமக்கும் உரியது என அஞ்சுகிறார்.

1315இல் பிளாரன்சு மன்னிப்பு அளிக்க முன்வந்தது. தண்டத்தில் ஒரு பகுதியைச் செலுத்திக் குற்றவாளிபோல் ஆலயத்தில் நிற்க வேண்டும் என்பது கட்டளை. தாந்தே மறுத்தார். மரண தண்டனை அவருக்கு மட்டுமன்றி அவர்தம் மைந்தர்க்கும் விதிக்கப்பட்டது.

வெரோனாவிலும் இரவென்னாவிலும் புரவலர் ஆதரவில் வாழ்ந்து காப்பியத்தை முடித்தார். 1321இல் வெனிசுக்குத் தூது சென்று திரும்புகையில் காய்ச்சலுற்று, செப்டம்பர்த் திங்களில் இரவென்னாவில் மறைந்தார்.

பிளாரன்சு அவர் எலும்புகளைப் பலமுறை கேட்டது. 1519இல் போப்பாண்டவரின் இசைவு பெற்றுக் கேட்டபோது, துறவியர் அவற்றை எடுத்து ஒளித்துவிட்டனர். 1865இல்தான் அவை ஒரு சுவரினுள் கிடைத்தன. பிளாரன்சில் 1829இல் எழுப்பிய கல்லறை வெறுமையாகவே உள்ளது. நகரவை பழைய தீர்ப்பை 2008இல் நீக்கியது. இரவென்னாக் கல்லறையில் எரியும் விளக்கிற்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் எண்ணெய் அளிப்பது பிளாரன்சு நகரமே.