காலத்தை வீணாக்காத அண்ணல்

பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்பொழுது அவர்கள் எய்திய உயரமே முதலில் நம் கண்ணுக்குப் புலனாகிறது. அவ்வுயரத்தை அடைய அவர்கள் நாள்தோறும் ஏறிய படிகள் எளிதில் புலனாவதில்லை. டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தை உருவாக்கிய சிற்பியாகவும், ஒடுக்கப்பட்ட மக்களின் ஒப்பற்ற தலைவராகவும் நாம் போற்றுகிறோம். அவருடைய திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டுகிறோம். எனினும், அவர் பிறவி மேதை. ஆதலால் படித்து உயர்ந்தார். நம்மைப் போன்றவர்க்கு அஃது இயலுமா என்று எண்ணிச் சோர்ந்துவிடும் இளைஞரும் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் தவறானது என்பதை அண்ணலின் வாழ்க்கையே எடுத்துரைக்கிறது. கட்டுப்பாடு அவருடன் பிறந்ததன்று. சிறுவயதில் ஒருநாள் அதனை அவர் தாமே தேர்ந்துகொண்டார். பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனைக் கைவிடாது காத்தார்.

தந்தை இட்ட அடித்தளம்

அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பு நகரில், தம் பெற்றோரின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றிச் சுபேதார் பதவியில் ஓய்வு பெற்றவர். கபீர் நெறியைப் பின்பற்றியவர். மதுவும் புலாலும் நீக்கியவர். மாலை வேளையில் பிள்ளைகள் அனைவரும் கூடிப் பக்திப் பாடல்கள் பாடவேண்டும் என்பது அவ்வீட்டின் மாறாத விதி. கணக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தந்தையாரே சொல்லிக்கொடுத்தார். வறுமை சூழ்ந்த அந்த இல்லத்தில் ஒழுங்குக்கு மட்டும் குறைவில்லை.

அன்னை பீமாபாய் மறைந்தபொழுது அம்பேத்கருக்கு ஏறத்தாழ ஆறு வயது. அதன்பின் உடற்குறையுடைய அத்தை மீராபாய் பிள்ளைகளைப் பேணி வளர்த்தார். 1900-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சாத்தாரா அரசுப் பள்ளியில் அம்பேத்கர் சேர்க்கப்பட்டார். அங்கே அவர் மற்ற மாணவர்களிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியின்மீது அமரவேண்டும். தாகம் எடுத்தால் தாமே குழாயைத் தொடுதல் கூடாது. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் நீர் உண்டு. அவர் வராத நாளில் நீரில்லை.

அத்தையின் பணப்பை

இத்தகைய சூழலில் சிறுவன் பீமராவ் படிப்பில் பெரிதும் ஊன்றியிருந்தார் என்று கூறுவதற்கில்லை. விளையாட்டும் சண்டையும் மிக்க துடுக்கான சிறுவராகவே அவர் இருந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டது அவர் மனத்தைப் புண்படுத்தியது. தாமே பொருளீட்டிப் பிழைக்கவேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. சாத்தாராவிலிருந்து சென்ற சிறுவர்கள் பம்பாய் நூற்பாலைகளில் வேலைபெற்ற செய்தி அவர் செவிக்கு எட்டியது. பம்பாய் செல்லப் பணம் வேண்டுமே! அத்தை இடுப்பில் செருகியிருந்த பணப்பையை, அவர் உறங்கும்பொழுது எடுத்துவிடத் துணிந்தார். அடுத்தடுத்து மூன்று இரவுகள் முயன்றும் பயனில்லை. நான்காம் இரவு பை கைக்கு வந்தது. திறந்து பார்த்தால், அதில் இருந்தது அரையணாவே!

அந்த அரையணாவைக் கண்டு சிறுவர் வெட்கித் தலைகுனிந்தார். குடும்பத்தின் வறுமையும் தம் செயலின் இழிவும் ஒருங்கே விளங்கின. ஊரைவிட்டு ஓடுவது வழியாகாது. ஊக்கத்துடன் படித்துத் தேர்ச்சி பெற்று, தம் காலில் தாமே நிற்பதுதான் வழி என்று அன்று முடிவு செய்தார். வீண்பொழுது போக்கும் பழக்கங்களை விட்டார். ஆசிரியர்களே வியக்கும் வண்ணம் படிப்பில் முன்னேறினார். தம் வாழ்வின் திருப்பம் இந்நிகழ்ச்சியே எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். தவறு செய்த சிறுவன்கூட ஓர் உறுதியால் திருந்தி உயர முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

ஓர் அறையும் இரவு இரண்டு மணியும்

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. தொழிலாளர் நெருங்கி வாழும் பரேல் பகுதியில் ஒரே ஓர் அறை. சமையலும் அங்கேதான், உறக்கமும் அங்கேதான், படிப்பும் அங்கேதான். பகலிலும் முன்னிரவிலும் சந்தடி அடங்காது. தந்தையார் ஒரு வழி கண்டார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தாம் இரவு 2 மணி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு அவர் படுத்துக்கொள்வார். மகன் விளக்கொளியில் விடியும்வரை படிப்பார். படிக்க இடமில்லை என்ற குறையை இவ்வாறு நேரத்தைக் கொண்டு வென்றனர் தந்தையும் மகனும். புத்தகம் வேண்டுமென மகன் கேட்டால், மணமான தம் மகளிரிடம் சென்று கடன் வாங்கியோ, அவர்தம் நகையை அடகு வைத்தோ வாங்கிக் கொடுத்தார் ராம்ஜி.

மாலை நேரங்களில் பூங்கா ஒன்றில் அமர்ந்து படிப்பது அம்பேத்கரின் வழக்கமாயிற்று. அங்கே நாள்தோறும் வந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், படிப்பில் ஆழ்ந்திருந்த மாணவரைக் கண்டு அன்பு கொண்டார். 1907-இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபொழுது சமுதாயத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்தினர். அதில் கேளுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கவும் அவரே துணைநின்றார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அம்பேத்கர், 1913-இல் அதே மன்னரின் உதவியுடன் அமெரிக்கா சென்றார்.

நூலகமே இல்லம்

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே அவரைத் தொட்டால் தீட்டு என்பாரில்லை. அமர்வதற்குச் சாக்குத் துணியும் தேவையில்லை. அந்தப் புதிய உரிமையைக் கேளிக்கையில் செலவிட எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. அவரோ ஒவ்வொரு நாளையும் கல்விக்கென அளந்து செலவிட்டார். உதவித்தொகையில் சிக்கனம் பிடித்து, மனைவி ரமாபாய்க்கும் பணம் அனுப்பினார். மூன்றாண்டுகளில் பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடப்பிரிவுகள் பயின்றார். வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல், அரசியல் ஆகியவற்றையும் உடன் கற்றார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில், இந்தியாவில் சாதிகள் தோன்றி வளர்ந்த முறை பற்றி ஆய்வுரை படித்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களையும் சேர்த்தார்.

அங்கிருந்து இலண்டன் சென்று, பொருளாதாரக் கல்வியும் சட்டக் கல்வியும் ஒருங்கே தொடங்கினார். ஆயினும் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. நான்காண்டுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

கல்வியும் அவமதிப்பும்

உடன்படிக்கைப்படி பரோடா அரசில் பணியேற்றார். இத்துணைப் பட்டம் பெற்றவரை அந்நகரம் எவ்வாறு வரவேற்றது? அலுவலகப் பணியாளர் கோப்புகளை அவர் கையில் தராமல் தொலைவிலிருந்து எறிந்தனர். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது. பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் வடித்துவிட்டு, அன்றிரவே பம்பாய்க்குப் புகைவண்டி ஏறினார் அவர்.

நம் இளைஞர்கள் இந்நிகழ்ச்சியை ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒருவன் முயன்று படித்துவிட்டால் போதும், சாதிக்கொடுமை தானே விலகிவிடும் என்று சொல்வது உண்மையாகாது. அண்ணலின் கட்டுப்பாட்டில் குறையொன்றுமில்லை. குறை சமுதாயத்தில் இருந்தது. தன் முயற்சி வேண்டும். அதனுடன் அநீதியை எதிர்க்கும் கூட்டு முயற்சியும் வேண்டும். இவ்விரண்டையும் அவர் தம் வாழ்நாள் முழுதும் பிரிக்கவில்லை.

விட்ட இடத்திலிருந்து தொட்டார்

1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாத ஊதியம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. வசதியான வீடு அமர்த்தி இன்பமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ பரேல் தொழிலாளர் குடியிருப்பிலேயே இரண்டு அறைகளில் வாழ்ந்தார். வீட்டுச் செலவுக்கு அளவான தொகையைத் தந்துவிட்டு எஞ்சியதை இலண்டன் படிப்புக்கெனச் சேமித்தார். 1920 ஜனவரி 31-ஆம் நாள் கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியுடன் 'மூக்நாயக்' இதழையும் தொடங்கினார். அவ்வாண்டே சேமிப்பையும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனையும் கொண்டு மீண்டும் இலண்டன் சென்றார். பெற்ற அனுமதியின் கெடு தீருமுன் அதனைப் பயன்படுத்திக்கொண்டார்.

இலண்டன் வாழ்க்கை கடுந்தவமாகவே அமைந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் காலையில் திறக்கும்பொழுதே உள்ளே செல்வார். மூடும் வரை வெளியே வாரார். நண்பகல் உணவு பெரும்பாலும் இல்லை. விடுதியில் கிடைத்த உணவோ மிகச் சொற்பம். இரவில் பசி வருத்தும்பொழுது, தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தில் சிலவற்றைத் தகரத் தட்டில் சுட்டுத் தின்று, ஒரு கோப்பை பால் அருந்திவிட்டு, மீண்டும் படிக்க அமர்வார். உடனுறைந்த நண்பர் உறங்கும்படி வேண்டினால், தமக்குப் பணமும் குறைவு, காலமும் குறைவு என்பதைச் சுட்டி மறுத்துவிடுவார்.

1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922-இல் வழக்குரைஞர் தகுதியும் பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையை அது வன்மையாகத் தாக்கியமையால், திருத்தி எழுதுமாறு 1923 மார்ச்சில் கூறினர். அப்பொழுது கையில் பணமில்லை. நாடு திரும்பி, பம்பாயில் இருந்தவாறே ஆய்வேட்டைத் திருத்தி அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை, சொல்லும் முறையை மட்டும் மாற்றினார். 1923 இறுதிக்குள் டி.எஸ்ஸி. பட்டம் அவரை வந்தடைந்தது. அமெரிக்காவில் தொடங்கிய பிஎச்.டி. பட்டமும் 1927-இல் முறைப்படி கிடைத்தது. தொடங்கியதை முடிக்காமல் விடுவது அவர் இயல்பன்று.

இவ்வெற்றியில் ரமாபாய் அம்மையாரின் பங்கினை மறத்தல் நன்றி கொல்லும் செயலாகும். கணவர் கடல்கடந்து படித்த ஆண்டுகளில் அவர் பட்ட வறுமை பெரிது. பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வரை இழந்தார். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். 1935-இல் அம்மையாரும் மறைந்தார். ஒருவர் கற்கும்பொழுது அவருக்காகப் பலர் பசித்திருக்கின்றனர் என்பதை நம் மாணவர்கள் எந்நாளும் மறத்தலாகாது.

கற்றது எவருக்காக?

பட்டங்கள் பெற்றபின் அவர் தமக்கென வாழவில்லை. 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அடுத்த ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. படிப்பகமும், இளைஞர்கள் சூதிலும் குடியிலும் வீழாதிருக்க ஹாக்கிக் குழுவும்கூட ஏற்பட்டன. தம்மிடமிருந்த நற்பழக்கங்கள் சமுதாயத்தின் பழக்கமாகவேண்டும் என்பதே அவர் விழைவு. 1927 மார்ச் 20-இல் மகாட் குளத்து நீரைத் தாமே முகந்து பருகி, ஆயிரக்கணக்கானோரையும் பருகச் செய்தார். பள்ளியில் குழாயைத் தொடவியலாது நின்ற சிறுவரின் வினைத்திட்பம் அன்று ஒரு மக்களின் வினைத்திட்பமாயிற்று. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில், நம் தமிழகத்துப் பெரியார் இரட்டைமலை சீனிவாசன் அவர்களுடன் அமர்ந்து ஒடுக்கப்பட்டோர் உரிமைக்கு வாதாடினார்.

அரசியல் சட்ட வரைவுக் குழு 1947 ஆகஸ்டு 29-ஆம் நாள் அமைக்கப்பட்டது. உறுப்பினர் எழுவர். அவருள் சிலர் விலகியும் மறைந்தும் வேறிடங்களில் இருந்தும், சுமை பெரும்பாலும் அம்பேத்கர் மீதே விழுந்தது என்பதைத் தமிழகத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948-இல் அவையிலேயே எடுத்துரைத்தார். நீரிழிவு நோயால் நலிந்த உடலுடன் அப்பெரும்பணியை அவர் நிறைவேற்றினார். அன்று அவருக்குக் கைகொடுத்தது பரேல் அறையில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பழகிய பழக்கமே எனலாம்.

1945-இல் மக்கள் கல்விக் கழகம், 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950-இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி என அவர் எழுப்பிய கல்விக்கோயில்கள் பல. இளமையில் கேளுஸ்கர் அளித்த புத்தர் வரலாறு அவர் உள்ளத்தில் விதையாகவே இருந்தது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். புத்தரும் அவர் தம்மமும் பற்றிய தம் நூலின் முன்னுரையைத் தம் வாழ்வின் இறுதி இரவிலும் படுக்கையருகே வைத்திருந்தார். டிசம்பர் 6-ஆம் நாள் விடியலில் அண்ணல் மறைந்தார்.

நாம் கொள்ளவேண்டியவை

இளைஞர்களே! அண்ணலின் அறிவாற்றல் அனைவருக்கும் வாய்க்காமல் இருக்கலாம். அவருடைய பழக்கங்களோ எவருக்கும் எட்டக்கூடியவை. நாளில் ஒரு நேரத்தைப் படிப்புக்கென ஒதுக்கி, எது வரினும் அதனைக் காத்தல். இடமில்லை என்றால் நேரத்தை மாற்றிக்கொள்ளல். வருவாயில் ஒரு பகுதியை நூலுக்கும் மேற்படிப்புக்கும் சேமித்தல். குடியையும் சூதையும் அண்டவிடாமை. இடையில் நின்ற படிப்பை நின்றதாகவே விட்டுவிடாமை. கற்றபின் தன் தெருவிலுள்ள ஒரு பிள்ளைக்கேனும் கற்பித்தல். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒன்று கூறவேண்டும். மகனுக்காக இரவு இரண்டு மணி வரை விழித்திருந்த ஒரு தந்தை இல்லையேல் நமக்கு ஓர் அம்பேத்கர் இல்லை. மகனுக்கு விழித்திருந்ததுபோல் மகளுக்கும் விழித்திருப்போம். 25 ஆண்டுகளாகக் கல்வி விளக்கை ஏந்திவரும் நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா நாளில், நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையேனும் குறித்த நேரத்தில் நூலைத் திறக்கும் நிலையை உருவாக்க உறுதி பூணுவோமாக!